டெக்கைச் சுற்றிய பட்டுப்புடவை

போன ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். புது டிவி வாங்கியிருந்தார்கள். எந்த ஆப்புக்குச் சந்தா கட்டுவது, எந்தப் படத்தை வாடகைக்கு எடுப்பது என்று முடிவுசெய்ய என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மாமா விடியும் முன் நெல் மண்டிக்குப் போகிறவர், மகனுக்கு ஷிப்ட் வேலை, மருமகளுக்கு வங்கி. ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு படம். ஒரே சமயத்தில் இரண்டு திரையில் பார்த்தால் போதுமா, நான்கு வேண்டுமா? வாடகைப் படம் போட்ட நேரத்திலிருந்து இரண்டே நாள்தான் இருக்குமாம். ஏதாவது பொத்தானைத் தப்பாக அழுத்தி மாமாவின் கணக்கைத் துடைத்துவிடுவேனோ என்று கட்டைவிரலைத் தூக்கியே வைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? துள்ளி எழுந்து டிவிக்குக் கீழே இரண்டு கையையும் விட்டுத் துழாவினேன். மருமகள் பயந்துபோய், "இன்னா மாமா தேடறீங்க?" என்றாள். அக்கா மட்டும் சிரித்தாள். அவளுக்குத் தெரியும்.

அது வீடியோ கேசட் காலம். அப்போது எங்கள் வீடு பெருநகர் என்ற கிராமத்தில். நான் உத்திரமேரூர் உரக்கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சட்டையெல்லாம் யூரியா வாடை. கூரத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் எனக்கு ஒரு யோசனை பிறந்தது. (என் யோசனைகள் எல்லாம் அந்த வாடையில் பிறந்தவைதான்.) வீடியோ கடையில் டிவி, கேசட் ஓட்டும் டெக், மூன்று கேசட் வாடகைக்கு எடுத்து, டிவிக்கும் ஒரு டிக்கெட் வாங்கி, பஸ்ஸில் வந்து இறங்கினேன். நைனா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொண்ணு பாக்க வராங்களா, படம் பாக்க வராங்களா?"

அதற்கு முன் அக்காவுக்கு இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. இதுவும் போய்விடுமோ என்று வீட்டில் யாருமே சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு அதற்குமேல் இன்னொரு பயம். மூன்றில் ஒன்று கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த புதுப்படம், திருட்டு கேசட். கடைக்கார அண்ணன் என் காதோடு சொல்லி அனுப்பியிருந்தார்: "கரண்ட் போச்சின்னா உஷாரா இரு. போலீஸே பீஸ் கட்டைய புடுங்கிட்டு வருவாங்க. கரண்ட் இல்லாங்காட்டி கேசட் வெளிய வராது. டெக்கோட மாட்டிக்குவ."

டெக் சூடேறும்போது தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்து ஒரு வாசனை வரும். இன்றைக்கும் இஸ்திரிப் பெட்டி சூடேறினால் நான் வாசலை எட்டிப்பார்ப்பேன். மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வருவதாகப் பேச்சு. அவர்கள் வருமுன் சரிபார்த்துவிடலாம் என்று அந்தப் புதுப்படத்தைச் செருகினேன். பெயர் போடும்போதே கரண்ட் போனது. தெருமுனையில் ஜீப் சத்தம்.

எனக்குச் சந்தேகமே இல்லை. பொத்தானை அமுக்கு அமுக்கென்று அமுக்கினேன். டெக் வாயைத் திறக்கவில்லை. ஒயரைப் பிடுங்கி, கைக்கு அகப்பட்ட துணியில் டெக்கைச் சுற்றிக்கொண்டு, கொல்லை வழியாக வரப்பில் ஓடினேன். மோட்டார் கொட்டகைக்குள் பதுங்கி மூச்சு வாங்கிய பிறகுதான் துணியைப் பார்த்தேன். அக்கா கட்டிக்கொள்ள எடுத்துவைத்திருந்த பட்டுப்புடவை.

வீட்டுக்குப் போனால் போலீஸ். போகாவிட்டால் அக்கா பழைய புடவையில் நிற்பாள். எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். அதற்குள் வரப்பில் காலடிச் சத்தம். வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் வாசலை மறைத்து நின்றார். மஃப்டி போலீஸ் என்று இரண்டு கையையும் தூக்கிவிட்டேன்.

"இங்க இன்னாபா பண்ணிக்கினு கீற?"

கேசட், கரண்ட், ஜீப், அக்கா, புடவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உளறிக் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஜீப்பில் வந்தது மாப்பிள்ளை வீட்டார்தானாம், பஸ் வரவில்லை என்று ரைஸ் மில் வண்டியைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையே அவர்தான். வீட்டில் புடவையைக் காணோம் என்று பெண் அறையைவிட்டு வரவில்லை. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, இவர் மெல்லக் கொல்லைப்பக்கம் நழுவியிருக்கிறார்.

"பொடவைய என்னாண்ட குடு. டெக்கு உன் பாடு."

முன்னால் அவர் புடவையோடு, பின்னால் நான் டெக்கோடு. நேராக உள்ளே போய், அக்கா நின்ற கதவருகே புடவையை நீட்டினார். கதவுக்குப் பின்னாலிருந்து வளையல் கை ஒன்று அதை வாங்கிக்கொண்டது. தட்டு மாற்றவில்லை, பேச்சே தொடங்கவில்லை. அதற்குள் மாப்பிள்ளை கையால் பெண்ணுக்குப் புடவை. நைனாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் சிரித்தார்.

"அவனே பொடவ குட்த்துட்டான். இனிமே நாம இன்னாத்த பேசறது?"

கரண்ட் வந்ததும் டெக் சமர்த்தாகக் கேசட்டை நீட்டியது. புதுப்படத்தை நான் தொடவில்லை. பழைய சாமி படத்தைப் போட்டேன். இரண்டு குடும்பமும் ஒரே ஜமக்காளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து, முடியும்வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

அந்த வீடியோ கடை இருந்த இடத்தில் இப்போது ஏடிஎம். மோட்டார் கொட்டகை நிலத்தில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். போன ஞாயிறு கரண்ட் திரும்பியதும், 'யார் பார்க்கிறீர்கள்?' என்று டிவி கேட்டது. மண்டியிலிருந்து மாமா போனில் வந்தார். "இன்னா மச்சான், எத எட்த்த?" நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா போனைப் பிடுங்கி, "அவன் இன்னும் டெக்கதான் தேடிக்கினு கீறான்" என்றாள். அந்தப் பக்கம் மாமா சிரிப்பது எனக்கே கேட்டது.

நான்கு திரைக்கே கட்டிவிட்டேன். மருமகள் தன் போனில் ஏதோ படத்தைத் தொட்டபடி உள்ளே போனாள். மகன் மாடியில். ஜமக்காளம் விரிக்கத் தாராளமாக இடமிருந்த கூடத்தில், பெரிய டிவிக்கு முன்னால், நானும் அக்காவும் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.