பிறை தெரியுமா தெரியாதா

உக்குவளையில் பெருநாள் வட்டிலப்பம் என்றால் ஸில்மியாவிடம்தான் சொல்லிவைப்பார்கள். முப்பது வீட்டுக்குக் குறையாது. முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து, முந்திரி தூவி ஆவியில் அவிக்கும் அந்த இனிப்பில் அவளுடைய கைப்பக்குவம் ஊரறிந்தது. அவள் புருஷன் ஷிஹாமின் வாயும் ஊரறிந்ததுதான். மனுஷன் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். பெருநாள் கழிந்ததும் பெற்றோருக்குப் பிரபஞ்சத்தைப் பற்றி ஓர் அறிமுகப் பேச்சு பேசும்படி அதிபர் கேட்டுவிட்டார். அதன் பலனை நோன்பு மாதம் முழுக்க அனுபவித்தவள் ஸில்மியா. ஒத்திகை அவளுடைய குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில்தான் நடந்தது.

"தூரத்து நட்சத்திரக் கூட்டமெல்லாம் விலகி விலகிப் போகுது. அதுகள்ட வெளிச்சம் சிவப்புப் பக்கம் சாயும். அத அளந்துதான் பிரபஞ்சம் விரியுதுண்டு கண்டுபிடிச்சாங்க. உன்ட வட்டிலப்பம் பொங்கக்குள்ள மேல ஈக்கிற கஜுப்பருப்பு விலகுதே, அதே மாதிரி."

"என்ட வட்டிலப்பம் பொங்காது," என்றாள் ஸில்மியா. "பொங்கினா அத வெளிய கொட்டணும்."

இத்தனை வருடம் தின்ற மனுஷனுக்கு அதுகூடத் தெரியவில்லையே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. அவரோ அந்த உதாரணத்தை விடுவதாக இல்லை.

இதையும் பொறுத்துக்கொள்ளலாம். போன வருடம் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. இருபத்தொன்பதாம் நோன்பன்று ஷிஹாம் கணக்குப் போட்டுப் பார்த்து, பிறை கண்ணுக்குத் தெரியாது, நாளைக்குப் பெருநாள் இல்லை என்று அடித்துச் சொன்னார். அவளும் நம்பி முட்டையைத் தொடவில்லை. அன்றிரவே, கடற்கரைப் பக்கம் பிறை கண்டதாக ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். விடிந்ததும் வாசலுக்கு வந்தவர்களுக்கு ஸில்மியா என்ன பதில் சொல்வாள்? முதல் ஆளாகச் சொல்லிவைத்திருந்த பதுர்தீன் ஹாஜியார் வெறும் தட்டோடு திரும்பிப் போனார். அதைவிட அவர் ஏசியிருக்கலாம். இன்னொரு முறை வாக்குத் தவறினால் ஒருவரும் படியேற மாட்டார்கள்.

இந்த வருடமும் இருபத்தொன்பதாம் நோன்பு வந்தது. பிறைச் செய்தி வந்தபிறகு அடுப்பு மூட்டினால் முப்பது வீட்டுக்கு முடியாது. ஆவியில் வேக வேண்டும், ஆறி இறுக வேண்டும். முன்கூட்டியே செய்துவைத்துப் பெருநாள் தள்ளிப்போனாலோ, தேங்காய்ப்பால் சேர்ந்த சாமான், புளித்துவிடும். வீட்டிலிருப்பது சின்ன பிரிஜ்.

"நாளைக்குப் பெருநாளா இல்லியா? ஒரே சொல்லாச் சொல்லுங்க."

"சந்திரன் எந்த இடத்துல நிக்கும்ண்டு செக்கன் கணக்காச் சொல்லுவேன். மேகம் மறைக்குமாண்டு சொல்ல ஏலாது. கண்ணால கண்டாத்தானே பெருநாள்."

"போன வருஷம் மட்டும் தெரிஞ்சிச்சோ?"

"அது பிழைச்சதாலதான் இப்ப வாயத் தொறக்கல்ல. கணக்கு ஒண்டு சொல்லி, கண்டது வேற ஒண்டெண்டா கணக்கத்தான் திருத்தணும். விஞ்ஞானிமாரும் அப்படித்தான் செய்றாங்க. பிரபஞ்சத்துல நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பங்கு என்னண்டே தெரியாதுண்டு அவங்களே ஒத்துக்கொள்றாங்க."

ஸில்மியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆயிரத்து முந்நூத்தெண்பது கோடி வருஷத்துக்கு முந்தி பிரபஞ்சம் பொறந்தது தெரியும். நாளைக்கு நடக்கப் போறது தெரியாது. நல்ல படிப்பு."

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவளே முட்டையை உடைத்தாள். நோன்போடு ருசி பார்க்கவும் முடியாது. கருப்பட்டியின் வாசத்தை வைத்தே இனிப்பை மட்டுக்கட்டினாள். நோன்பு திறக்கும் மஃரிபுக்குச் சற்று முன்னர் வானம் கறுத்து மழை கொட்டியது. கடைசிச் சட்டி இறங்கும்போது ரேடியோ சொன்னது: நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை, நோன்பு முப்பது.

மேசை, அலுமாரித் தட்டு, கதிரை, எங்கு பார்த்தாலும் வட்டிலப்பம். ஸில்மியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

ஷிஹாம் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. வாழ்க்கையில் அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். தட்டுத் தட்டாகச் சுமந்துபோய்ப் பள்ளிவாசலில் இரவுத் தொழுகையான தராவீஹ் தொழ வந்தவர்களுக்குக் கொடுத்தார். திரும்பி வரும்போது கடையில் பெட்டி பெட்டியாக முட்டையும் கருப்பட்டியும் வாங்கிவந்தார்.

"நாளைக்கும் பிறை தெரியாட்டி?" என்றாள் அவள், முகத்தைப் பார்க்காமல்.

"தெரியாட்டியும் பெருநாள்தான். முப்பதுக்கு மேல மாசமில்ல. இத உறுதியாச் சொல்லுவேன்."

மதரஸாவில் முதலாம் வருடம் ஓதுகிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். இதைச் சொல்ல ஒரு விஞ்ஞான மாஸ்டர். ஸில்மியா கத்தியையும் பலகையையும் அவர் முன்னால் தள்ளினாள்.

"அப்ப கருப்பட்டியச் சீவுங்க. முப்பது வீட்டுக்கும்."