சுமனா அக்காவின் வயல்

நான் வளர்ந்த பலாபத்வலயில் பஸ் நின்றபோது, புதிதாய் அறுத்த வைக்கோலின் வாசம் ஜன்னல் வழியே வந்தது. எனக்குப் பத்து வயதாயிருந்தபோது நடந்த ஓர் அறுவடை நினைவுக்கு வந்தது.

பக்கத்து வீட்டுச் சுமனா அக்காவின் கணவர் அப்போது கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். நெல் முற்றியிருந்தது, அறுக்க ஆளில்லை. வயலை மண்போட்டு நிரப்பிக் கட்டடம் கட்டக் கேட்டவருக்கே கொடுத்துவிடப் போவதாகச் சொல்லி அக்கா அழுதார்.

"மண்ணக் கொட்டிட்டா பொறகு அது வயலாகாது" என்ற உம்மா, வாப்பாவைப் பார்த்து, "நாளைக்குக் கடையப் பூட்டுங்க. தெரு ஆளுங்களையும் கூட்டிட்டுப் போய் நாமளே அறுப்போம்" என்றார்.

புடவைக்கடை வாப்பா வயலில் இறங்கியறியாதவர். மறுநாள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவர், வரப்பிலிருந்து வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ முதலாளி, நீங்க கரையில இருங்க!" என்று சுமனா அக்கா சிரித்தார். அவர் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

வாப்பா கரையேறவில்லை. பொழுது சாய்வதற்குள் தெருவே சேர்ந்து அறுத்து முடித்தது. அக்கா வயலைக் கொடுக்கவில்லை.

இப்போது அந்த வயலை அவருடைய மகள் செய்கிறாள். கண்டக்டரிடம் சொல்லி இறங்கி நடந்தேன். வயலில் நின்றவள் என்னை அடையாளம் கண்டு, "பார்க்க வந்தீர்களா, அறுக்க வந்தீர்களா?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

நான் செருப்பைக் கழற்றினேன்.