நூலுக்குக் காவல் வந்த குட்டி

நாய்க்குட்டியைப் பார்த்தால் எல்லோருக்கும் கொஞ்சத் தோன்றும் என்கிறார்கள். எனக்குத் தோன்றியதில்லை. அப்போதும் இல்லை, இந்த வயதிலும் இல்லை.

யுத்த காலம். நூல் கண்ட்ரோல் கடையில் அளந்துதான் கிடைக்கும். அருப்புக்கோட்டையில் எங்கள் நெசவுத் தெருவில் இரண்டு வீட்டில் நூல் திருடு போய்விட்டது. திருச்சுழிப் பக்கம் துண்டு விற்கப் போன என் கணவர், அங்கே கிடை போட்டிருந்த ஒரு ஆட்டுக்காரரிடம் குட்டி ஒன்றை வாங்கி, மூட்டைக்குள் வைத்து, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தார். செவலைக் குட்டி. உடம்பு ஒட்டி, வயிறு மட்டும் உப்பியிருந்தது. இறக்கிவிட்டதும் நடுவீட்டில் மூத்திரம் பெய்தது. நூலுக்குக் காவல் என்று பெருமையாகச் சொன்னார். நான் கந்தைத் துணியை எடுத்து வந்து துடைத்தேன். இனி துடைக்கிற வேலை யாருடையது என்பது அந்த நிமிடமே தீர்ந்துவிட்டது.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன். எந்தப் பாஷையில் என்றாலும், எட்டு மாதத்தில் என்னிடம் யாரும் ஒரு யோசனை கேட்டதில்லை. உப்புக் குறைகிறது என்று நான் சொன்னால்கூட மாமியார் தானும் ஒரு தடவை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்வார்.

தறி வீடு நாய்க்குட்டி வளர்க்கிற இடமே அல்ல. கால் வைக்கிற இடமெல்லாம் நூல். தறிக்கு முன்னால் நூல் சுற்றிய தார்க்குழல்கள் போட்ட தார்க்கூடை, சுவரோரம் ராட்டை, கொடியில் தொங்குகிற நூல்கட்டு. போதாததற்குத் தறிக்குழி வேறு. நெய்கிறவர் காலைத் தொங்கப் போட்டு மிதிக்கிற அந்தக் குழி குளுகுளுவென்று இருக்கும். குட்டி அதற்குள் விழுந்து, அங்கேயே தூங்கப் பழகியது. என் கணவர் மிதியை அமுக்கினால் கீழேயிருந்து வீல் என்று சத்தம் வரும். அவர் பதறி நெசவை நிறுத்திவிடுவார்.

ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். மாமனார் அடி என்றார். மாமியார் அடிக்காதே, பாவம் என்றார். அவருக்குக் குட்டியின் மேல் அப்படி ஒரு பிரியம். மடியில் போட்டுக்கொண்டு காதுக்குள் உண்ணி பார்ப்பார். எதிர்வீட்டுக்காரி நூலில் மிளகாயைத் தடவு என்றாள். நூலுக்கு மிளகாய் தடவினால் நெய்கிறவன் கண்ணைத் துடைக்காமல் இருப்பானா என்று யோசிக்கிற மூளை அவளுக்குக் கிடையாது.

யார் பேச்சையும் நான் கேட்கவில்லை. தார்க்கூடைகளைப் பரணில் ஏற்றினேன். தறிக்குழியை வேலை இல்லாத நேரத்தில் பலகை போட்டு மூடினேன். கொல்லையில் முருங்கை மரத்தடியில் கோணிச் சாக்கை விரித்து, இதுதான் உன் இடம் என்று கழுத்தைப் பிடித்து உட்காரவைத்தேன். தின்று முடித்த கையோடு கொல்லைக் கோடிக்கு இழுத்துப் போய், அது பெய்து முடிக்கிறவரை வெயிலில் நின்றேன். வாய் நூலுக்குப் பக்கத்தில் போனால் அலுமினியத் தட்டை அதன் காதருகே ஓங்கித் தட்டினேன். அன்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரே மாதத்தில் நிலைப்படியைத் தாண்டாமல் நின்றது. நூலைக் கண்டால் சுற்றிக்கொண்டு போனது. பார்த்தவர்கள் எல்லாம் நல்ல சாதிக் குட்டி என்றார்கள். மாதம் முழுக்க வெயிலில் நின்றது நான். பெயர் சாதிக்குப் போயிற்று. வயிறு எரிந்தது.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். அரிசி ரேஷனில் வந்த காலம். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் நான். குட்டிக்கு ஒரு பிடி சோறு போடு என்று மாமியார் தாராளமாகச் சொல்லிவிடுவார். பானையில் எனக்கென்று இருந்ததில்தான் அந்தப் பிடியை எடுக்க வேண்டும். மூன்று நாள் போட்டேன். நாலாம் நாள் மனசு வரவில்லை.

பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஓடுகிற இழைகள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவில் முழு நீளத்துக்கு விரித்துக் கட்டி, புளித்த சோற்றுக் கஞ்சியைப் பூசிக் காயவைப்போம். அப்போதுதான் இழை அறாமல் நிற்கும். வாரத்தில் பாதி நாள் யார் வீட்டுப் பாவாவது தெருவில் நிற்கும். பூசியது போக மிஞ்சும் கஞ்சியை யாரும் ஆட்டுக்கோ மாட்டுக்கோ வைக்கமாட்டார்கள். குழியில் கொட்டி மண்ணைத் தள்ளிவிடுவார்கள். ருசி கண்ட வாய் பாவைத் தேடி வரும் என்பது நெசவாளர் வீட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அது ஆட்டுக்குச் சொன்னது, நாய் நூலையா மேயப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொட்டிவிட்டு வருகிறேன் என்று சட்டியை வாங்கிப் போய்க் கொல்லையில் குட்டிக்கு ஊற்றினேன். சளப்சளப் என்று குடித்தது. என் சோறு எனக்கு மிஞ்சியது. இது இரண்டு மாதம் நடந்தது, ஒருவருக்கும் தெரியாது.

வைகாசியில் பாளையம்பட்டியில் என் தங்கைக்குக் கல்யாணம். கூப்பிடு தூரம்தான், ஆனால் கேட்காமல் போக முடியாது. மாமனார் அதிகம் பேசமாட்டார், பேசினால் அதுதான் சட்டம். கையிலிருக்கிற பாவு தறி ஏறட்டும், நாலு நாள் முன்னாலேயே போய்க்கொள் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு ராவும் பகலும் அந்தப் பாவுதான் நினைப்பு. தங்கைக்கு நான் தலை பின்னிவிட வேண்டும். அவளும் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

சித்திரைக் கடைசியில் எங்கள் பாவு தெருவில் ஏறியது. விடிந்ததும் பக்கத்து வீட்டு ஆட்களெல்லாம் கைகொடுக்க வந்தார்கள். குட்டியைக் கொல்லையில் ஆட்டுக்கல்லோடு தேங்காய்க் கயிற்றால் கட்டினேன். இறுக்கித்தான் கட்டினேன். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அது தெருவுக்குப் போனதில்லை. பாதிப் பாவுக்குக் கஞ்சி பூசியாயிற்று. காற்று கொல்லைப் பக்கமாக வீசியது. கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு குட்டி வந்தது. இத்தனை நாள் நூலைக் கண்டால் ஒதுங்கிப் போனது, நேராகப் பாவுக்கு அடியில் போய், மேலே எம்பி, வாய் நிறைய இழையைக் கவ்வி உறிஞ்சியது. நான் கத்தினேன். தட்டைத் தட்டுகிற சத்தத்துக்குப் பயப்படும் குட்டி என் குரலைக் காதிலேயே வாங்கவில்லை. அதன் சாப்பாடு அது. நான் ஊற்றி வளர்த்த சாப்பாடு.

அடித்து விலக்குவதற்குள் ஐம்பது அறுபது இழை போய்விட்டது. கஞ்சி காய்வதற்குள் ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். தெருவே உட்கார்ந்து பிணைத்தது. பொழுது சாய்கிற நேரத்தில் பாவு ஒருவழியாகத் தேறியது. அதற்குப் பிறகுதான் மாமனார் வாசலில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். மாமியார் குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார். அதன் வாயோரம் நூல் ஒட்டியிருந்தது.

"நீதானத்தா வளத்த. நீயே சொல்லு. ஒன் வளப்புல கோளாறா, இல்ல குட்டியே கடிக்கிற குட்டியா?" என்று கேட்டார் மாமனார்.

"இத்தன நாளா ஒரு இழையத் தொட்டிருக்குமா? நல்லாக் கேளுங்க அவள," என்றார் மாமியார்.

உண்மையைச் சொன்னால் குட்டி தப்பும். கஞ்சியை நிறுத்தி, ஒரு மாதம் கட்டிவைத்தால் மறந்துவிடும். ஆனால் பாவுக் கஞ்சியை ஊற்றியவள் கல்யாணத்துக்குப் போகமாட்டாள். அடுத்த வருஷ வைகாசிக்கும் பிறந்த வீட்டுப் பக்கம் போகமாட்டாள். மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் குட்டிக்கு ஆதரவாகப் பேசுவேன் என்று.

"கடிக்கிற குட்டிதான் மாமா," என்றேன். "ரெண்டு மூணு தடவ தாரக் கடிச்சிருக்கு. நாந்தான் சொல்லல."

மாமனார் தலையை ஆட்டினார். மறுநாள் காலையில் என் கணவர் குட்டியைத் தூக்கிக்கொண்டு திருச்சுழி பஸ்ஸில் ஏறினார். ஆட்டுக்காரர் கிடையை மாற்றிக்கொண்டு எங்கேயோ போய்விட்டாராம். கண்மாய்க் கரையில் இறக்கிவிட்டு வந்தேன் என்று சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். அந்த மாதத்தில் கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சோறு போட்டேன், அவர் சாப்பிட்டார்.

நாலு நாள் முன்னாலேயே பாளையம்பட்டி போனேன். தங்கைக்குத் தலை பின்னிவிட்டேன். வயிறாரச் சாப்பிட்டேன், அதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது.

திரும்பி வந்த அன்று அடுப்படியில் மாமியார் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ சொன்னப்பறம்தான் எனக்கும் ஞாபகம் வருது," என்றார். "ஒரு நா அது தார்க்கூடையவே மொறச்சுப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

அந்த வீட்டில் நான் சொன்ன ஒன்றை மறுபேச்சில்லாமல் அவர் நம்பியது அதுதான் முதல் தடவை.