ஆசிட்டில் ஊறிய கடைவாய்ப் பல்

ஒரு பல்லுக்காக என் சித்தப்பாவை மூன்று வாரம் அடித்தார்கள். எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் நாங்கள் குடியிருந்த தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்கான செம்பனை நடுவதற்காகக் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மண்வாரி இயந்திரம் ஒரு தாடையெலும்பை இரண்டாக உடைத்து வெளியே போட்டது. ஒரு பாதி, கூலிகளை மேய்க்கும் மண்டோர் கைக்குப் போனது. மறு பாதி மண்மேட்டில் புதைந்துவிட்டது.

அதற்கு ஆறு வருடங்களுக்கு முன்பு சித்தி காணாமல் போயிருந்தாள். செகிஞ்சான் ஊர் லோரிக்காரனோடு ஓடிவிட்டாள் என்றார் சித்தப்பா. அப்பா அம்மா இல்லாத என்னை வளர்த்தவர்கள் அவர்கள் இருவரும்தான். தினமும் எனக்குத் தலை வாரிவிட்டவள் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்று ஆறு வருடமும் அவளை வாய் நிறையத் திட்டினேன். மண்டோர் சித்தியின் அண்ணன். அவர் அந்தக் கதையை ஒருநாளும் நம்பவில்லை.

நான் அப்போது கோலாலம்பூரில் பாறைகளின் வயதைக் கணிக்கும் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கல் அரைக்கும் உதவியாளர். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தபோது சித்தப்பா வாசலில் குப்புறக் கிடந்தார். காதிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. மண்டோர் மாமா மண்வெட்டிக் காம்போடு நின்று மூச்சு வாங்கினார். எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. சுவரோரம் இருந்த ரப்பர் பால் வாளியைத் தூக்கி மாமாவின் தோளில் ஒரு போடு போட்டேன். நாலு பேர் பிடித்து இழுத்தார்கள்.

"போலீசுக்குப் போங்க மாமா. இப்படிப் போட்டு அடிச்சா செத்துருவாரு."

"போலீசு என்னாத்துக்கு? என் தங்கச்சி பல்லு எனக்குத் தெரியும்லா!" தாடையிலிருந்து பிடுங்கிய, வெள்ளை வெளேரென்ற ஒரு கடைவாய்ப் பல்லை நீட்டினார்.

அதன் வயதை எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கலாம் என்றேன். மாமா பல்லை என் கையில் திணித்தார். "கொண்டு போ. அவ பல்லுன்னு வந்திச்சி, இவன் உசுரு என் கையில."

ஆய்வுக்கூடத்தை நடத்திய விரிவுரையாளர் பல்லைப் பார்த்ததும் முகம் சுளித்தார். தேய்ந்துபோன பல், மனிதனுடையதா ஒராங் ஊத்தான் குரங்கினுடையதா என்று அவருக்கே சந்தேகம். "இதை எதில் கழுவினார்கள்?" என்று கேட்டார். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டில்தான். தோட்டத்தில் பித்தளைக் குடத்தைக்கூட அதில்தான் துலக்குவோம். எல்லோரும் அடையாளம் காணட்டும் என்று மாமா பல்லையும் அதில் ஊறப்போட்டிருந்தார்.

உயிரோடு இருப்பவரின் பல்லில் யுரேனியம் இல்லை என்றே சொல்லலாம். புதைந்த பிறகு மண்ணிலுள்ள நீரிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஏறிய யுரேனியம் தன் போக்கில் சிதைந்து தோரியமாகும். இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்தால் வயது தெரியும். நாங்களும் பல்லை ஆசிட்டில்தான் கரைப்போம், ஆனால் ஒரு துளி சிந்தாமல். மாமா செய்ததுபோல் பாதியை வெளியே கரைத்துக் கொட்டிவிட்டு மீதியைக் கொடுத்தால் கணக்கு உதைக்கும்.

ஆசிட் படாத மறு பாதி வேண்டும். நான் வேறு பல்லை மாற்றிவிடாமல் மாமாவின் தம்பிகள் இருவர் பாராங் கத்தியோடு காவல் நிற்க, நான் மண்மேட்டைக் கையால் கிளறினேன். நகம் பிய்ந்தது. இரண்டாம் நாள் உடைந்த மறு பாதித் தாடையில் மண் அப்பிய பல் ஒன்று கிடைத்தது. அதை மண்ணோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பல்லிலிருந்து வரும் கதிர்வீச்சைக் கருவி மூன்று வாரம் எண்ணியது. அதுவரை மாமாவுக்குப் பொறுமை இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் சித்தப்பாவை வாசலுக்கு இழுத்து, "எங்கடா புதைச்ச அவள?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். இரண்டாவது ஞாயிறு இரண்டு விரல்கள் ஒடிந்தன. மூன்றாவது ஞாயிறு அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. சித்தப்பா ஒரே பதிலைத்தான் சொன்னார்: "அவ ஓடிட்டா."

முடிவு வந்தது. பல் பல ஆயிரம் வருடப் பழசு. தாளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன், வழியெல்லாம் அழுதேன். லயத்து வாசலில் நின்று உரக்கப் படித்தேன். மாமாவின் முகம் செத்துப்போனது. சித்தப்பாவின் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். தானே போய் சம்சுச் சாராயம் வாங்கிவந்து கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார். வீங்கிய உதட்டில் வழிய வழிய சித்தப்பா குடித்தார். இரண்டாவது கிளாஸில் சிரிப்பு வந்தது.

"அது அவ இல்லன்னு அன்னைக்கே சொன்னேன்லா. கால்வாயில அவ எப்படி வருவா? நான் அவள கொன்னு, ஈயம் தோண்டின பழைய குட்டையிலதானே போட்டேன்."

மாமாவின் கையிலிருந்த போத்தல் கவிழ்ந்தது. ஓடிப்போகாத சித்தியைத்தான் ஆறு வருடம் வாய் நிறையத் திட்டியிருந்தேன். இந்த ஆளின் உயிருக்காகத்தான் நகம் பிய்ய மண்ணைத் தோண்டியிருந்தேன். பால் வாளி அதே சுவரோரம் இருந்தது. மாமா எழுவதற்குள் அதைத் தூக்கி சித்தப்பாவின் வாயிலேயே அடித்தேன்.