திருநீறு பூசும் பட்டன்

திரையில் பத்தாம் இலக்கக்காரன் பந்தைத் தன் ஆளிடம் எறியாமல் வெறும் புல்லில் எறிந்தான். இது மூன்றாம் தடவை. டினேஸ் கொன்ட்ரோலரை மேசையில் போட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பினான்.

"அக்கா, உங்கடை கேமிலை பிழை இருக்கு. நான் வலப்பக்கம் எண்டுறன், உவன் சொல்வழி கேக்கிறானில்லை."

"அவனுக்கு என்ன நடந்தது எண்டு பாத்தனியோ?" பிரசாந்தி தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்டும் நடக்கேல்லை. ஒருத்தன் வந்து இடிச்சவன், இவன் விழுந்தவன், எழும்பிட்டான். தலைக்கு மேலை சக்தியைக் காட்டுற சக்திக்கோடு நிரம்பித்தான் கிடக்கு."

"தலையிலை இடிச்சவன்."

"அப்ப ஒரு சிவப்பு லைற் ஆவது போடுங்கோவன். எனக்கு எப்பிடித் தெரியும்?"

"மைதானத்திலை ஆருக்கடா சிவப்பு லைற் எரியிறது?"

கேம்களில் பிழை பிடிப்பதுதான் டினேசின் வேலை. இதைப் பிழையென்று எழுதுவதா விடுவதா என்று தலையைச் சொறிந்தான்.

யாழ்ப்பாண நகரில் ஒரு புடைவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ஆறேழு பேர். வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று தன்னுடைய பழைய றக்பி கேமைத் திருத்தித் தரச்சொல்லிக் கேட்டிருந்தது. விளையாடுகிறவர்களுக்கு அது சலித்துப்போயிற்றாம். ஒரே மூலையால் ஓடினால் ஒவ்வொரு தடவையும் வெற்றி. இன்னும் கடினமாக வேண்டும், இன்னும் உண்மையாக வேண்டும் என்றார்கள்.

பிரசாந்தி உண்மையாக்கினாள். ஒரு தடவை ஓடிய மூலையில் அடுத்த தடவை எதிரணி வந்து காத்து நின்றது. மழை பெய்தால் பந்து விலாங்கு மீன்போல வழுகியது. முன்வரிசைக்காரருக்குக் கழுத்து களைத்தது. நடுவர் சிலதைக் கண்டார், சிலதைக் காணவில்லை. இதற்கெல்லாம் கைதட்டினார்கள். பிறகு அவள் தலையடியைச் சேர்த்தாள். தலையில் அடிபட்டவன் எழும்பி நின்று தலையாட்டுவான், தனக்கு ஒன்றுமில்லை என்பான். திரையில் எந்த அடையாளமும் வராது. கால் கொஞ்சம் பிந்தும், பந்து கொஞ்சம் தவறும். விளையாடுகிறவர் தானாகக் கண்டுபிடித்து அவனை வெளியே எடுக்கவேண்டும். எடுக்காமல் விட்டு இன்னுமொரு அடி விழுந்தால் அவன் பிறகு எந்த ஆட்டத்திலும் இல்லை.

அவளுக்கு இதை ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை.

நீர்வேலியில் வாழைத்தோட்டக்காரர் ஏரம்பரின் மகள் அவள். ஓட்டத்தில் கெட்டிக்காரி. கொழும்பிலிருந்து ஒருவர் வந்து பெண்பிள்ளைகளுக்கு றக்பி பழக்கப்போகிறார் என்றதும் முதலாவதாகப் பெயர் கொடுத்தவள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டோ? காற்சட்டையோடு பெட்டை ஓடுகிறாள் என்றார்கள். ஆம்பிளை மாதிரி விழுந்து உருளுகிறாள், இனி ஆர் கட்டுவான் என்றார்கள். ஏரம்பர் வாழைக்குலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டே, "அவள் உருண்டா நிலம்தான் நோகும், உங்களுக்கென்ன?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

மாவட்டங்களுக்கிடையிலான இறுதியாட்டத்தில் ஒரு முழங்கால் அவள் காதுக்கு மேல் இடித்தது. விழுந்தாள். கழகத் தலைவர் முருகேசர் மைதானத்துக்குள் ஓடிவந்தார். இரும்புக்கடை முதலாளி, கோயில் பரிபாலனசபையிலும் ஆள். மடியில் எப்போதும் ஒரு திருநீற்றுப் பொட்டலம் இருக்கும். போத்தல் தண்ணீரை அவள் தலையில் ஊற்றி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, "அம்மாள் பாத்துக்கொள்ளுவா, ஓடு பிள்ளை" என்றார். சனம் கைதட்டியது. அவள் ஓடினாள். இரண்டாம் அடி எப்போது விழுந்தது என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

வெளிச்சம் கண்டால் சத்தியெடுத்தாள். யன்னலுக்குச் சாக்குக் கட்டினார்கள். தாய் குணலட்சுமிக்கு ஊர் புத்தி சொன்னது: நாவூறு, கண் பட்டுவிட்டது. மிளகாய் சுற்றினார்கள். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், கையில் நூல் கட்டினார்கள். கீரிமலைப் புனிதக் கேணிக்குக் கொண்டுபோய், நிற்கமுடியாத பிள்ளையை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து முழுகவைத்தார்கள். காற்சட்டை போட்டதற்கு அம்மாள் தந்த தண்டனை என்றுகூட ஒருத்தி சொன்னாள். பெண் ஓடினால் கோபிக்கிற அம்மாள், அவளை அடிபட்ட தலையோடு திரும்ப ஓடவிட்டவர்களைக் கோபிக்கமாட்டாளாம். எங்கள் ஊரில் தெய்வங்களுக்கும் பெரியமனிதரின் குணம்தான். இத்தனைக்கும் பிறகுதான் ஆஸ்பத்திரி. "முதல் அடிக்கே வெளியிலை எடுத்திருக்க வேணும். அவ்வளவுதான் மருந்து" என்றார் வைத்தியர்.

அவ்வளவுதான் மருந்து. காசில்லாத மருந்து. அதைக் கொடுக்க அந்த மைதானத்தில் ஒரு மனிதர் இருக்கவில்லை.

அந்த வருஷம் சோதனை எழுதவில்லை. றக்பி போயிற்று. பிறகு கணினி படித்துத்தான் இந்த வேலைக்கு வந்தாள். இப்போதும் கதைத்துக்கொண்டு இருக்கும்போதே சில சொற்கள் கைநழுவிப் போகும். தேடிப் பிடிப்பாள். பிடிக்கமுடியாவிட்டால் பேசாமல் இருந்துவிடுவாள்.

கேமில் தலையடியைச் சேர்த்த பிறகு ஒரு நாள் மத்தியானம் அலுவலகத்தில் எல்லோரும் படம் வரைகிற கோகுலனின் திரையைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் மைதானமும் கேமில் வரவேண்டும், ஊர்வாசம் வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர் கேட்டிருந்தார்களாம். பனைகளுக்கு நடுவில் மைதானம். அடிபட்ட ஆளிடம் வேட்டி கட்டிய ஒரு பயிற்சியாளர் ஓடிவருகிறார். தண்ணீர் ஊற்றுகிறார், திருநீறு பூசுகிறார். சக்திக்கோடு சட்டென்று நிரம்புகிறது. ஆள் துள்ளி எழும்புகிறான்.

"எப்பிடி?" என்றான் றொகான். அலுவலகம் அவனுடையது. கடற்கரைக் குருநகர்ப் பொடியன், சிரித்த முகம், கெட்டவன் அல்ல. "ஒரு பட்டன் அமத்தினாச் சரி. உன்ரை தலையடிக்கும் மருந்தாச்சு. டினேசின்ரை முறைப்பாடும் தீந்துது."

பிரசாந்தி அவனுடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"றொகான் அண்ணை, உந்தப் பட்டனாலை சுகம் வரக்கூடாது."

"பகிடிக்குத்தானே பிரசாந்தி."

"எனக்குப் பூசினவை. பகிடிக்கு இல்லை." பூசியவரின் பெயரை விட்டுவிட்டு அவள் நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல றொகானின் சிரிப்பு வடிந்தது. "இதை இஞ்சத்தைப் பிள்ளையள் விளையாடப்போகுதுகள். நான் செய்த கேமிலை வீபூதி மண்டையைச் சுகப்படுத்தினா, அதுக்குப் பிறகு நான் இந்தக் கதிரையிலை இருக்கமாட்டன்."

"கேமிலை ஒரு பட்டன் அமத்தினா ஏதேனும் நடக்க வேணுமெல்லே?"

"நடக்கும். பயிற்சியாளர் வருவார். பூசுவார். சனம் கைதட்டும். கோடு நிரம்பும். தலை மட்டும் அப்பிடியே இருக்கும். உண்மையா வேணுமெண்டு கேட்டவை. உண்மை உதுதான்."

றொகான் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான். "ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்திலை ஆக்களைக் கூப்பிட்டு விளையாடவைச்சு வீடியோ எடுக்கிறம். உன்ரை மாதிரியே காட்டு. சனம் விளங்கிக்கொண்டா அப்பிடியே அனுப்புவம். விளங்காட்டி வீபூதியாலை சுகம் வரட்டும். அதுக்கு மேலை என்னட்டைக் கேளாதை."

"பிரதம விருந்தினர் ஆர்?"

"கழகத் தலைவர் ஒருத்தர். முருகேசர்."

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். சொல் நழுவிப் போனதல்ல. வந்த சொற்கள் சொல்லக்கூடியவை அல்ல.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. முருகேசர் பட்டுவேட்டியோடு முன்வரிசையில் அமர்ந்தார். டினேஸ் பக்கத்தில் இருந்து பட்டன்களைக் காட்டிக்கொடுத்தான். பிரசாந்தியைக் கண்டதும் அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"எந்தப் பிள்ளை நீ? கண்ட முகமாக் கிடக்கு."

"நீர்வேலி ஏரம்பற்றை மகள்."

"அட, அண்டைக்கு விழுந்த பிள்ளை. நான்தானே வீபூதி பூசி எழுப்பிவிட்டனான்." அவர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். "இப்ப பாருங்கோ, கொம்பியூட்டர் செய்யுது. அம்மாள் கைவிடேல்லை."

பிரசாந்தி மறுக்க வாயெடுத்தாள். றொகான் தூரத்திலிருந்து கண்ணால் கெஞ்சினான்.

ஆட்டம் தொடங்கியது. மனிதருக்கு விளையாட்டுத் தெரியும், மறுப்பதற்கில்லை. எட்டாம் இலக்கக்காரனை வைத்து வெளுத்து வாங்கினார். அவர் அணி முன்னுக்கு நின்றபோது எட்டாம் இலக்கத்தின் தலையில் ஒருவன் இடித்தான். எழும்பினான், தலையாட்டினான், தள்ளாடினான். டினேஸ் பட்டனைக் காட்டினான். வேட்டி கட்டியவர் ஓடிவந்து பூச, கோடு நிரம்பியது. மண்டபம் ஆரவாரித்தது.

"பாத்தியளே" என்றார் முருகேசர்.

எட்டாம் இலக்கக்காரன் அடுத்த பந்தை நழுவவிட்டான். அதற்கடுத்ததை எதிரியிடமே கொடுத்தான். பிறகு யாரோ லேசாக இடித்தார்கள். விழுந்தான், எழும்பவில்லை. முருகேசர் பட்டனை அமத்தினார். திருநீறு. கைதட்டல். கோடு நிரம்பியது. அவன் கிடந்தான். இன்னொருக்கா அமத்தினார். திருநீறு, கைதட்டல், கோடு. அவன் கிடந்தான். பின்வரிசையில் சிரித்தவர்கள் மெல்ல மெல்லச் சிரிப்பை விட்டார்கள்.

"உது பிழையான கேம்" என்றார்.

"கேம் சரி ஐயா" என்றாள் பிரசாந்தி.

"வீபூதியாலை சுகம் வராது எண்டுறியோ? உனக்கு வரேல்லையோ?"

"வரேல்லை. நீங்கள் பூசினாப் பிறகு நான் இன்னொருக்கா விழுந்தனான். அது எனக்கு ஞாபகம் இல்லை. எனக்கு மண்டையிலை அடிபட்டது, அதாலை மறந்துபோச்சு. உங்களுக்கு எதாலை மறந்தது?"

முருகேசரின் கழுத்து சிவந்தது. றொகானைப் பார்த்துச் சொன்னார். "தம்பி, எங்கடை சமயத்தைப் பகிடி பண்ணுறியளோ? ஒண்டில் வீபூதிக்குப் பலன் இருக்க வேணும், இல்லாட்டி அது உதிலை இருக்கக்கூடாது."

றொகான் அவளை மூலைக்குக் கூட்டிப்போனான். முகம் வெளிறியிருந்தது. "நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன், பிரசாந்தி. சைவத்தைப் பழிச்சவன் எண்டு பேர் வந்தா மாடியைப் பூட்டிப்போட்டுக் கடலுக்கு மீன் பிடிக்கத்தான் போகவேணும். பூசிறதை எடுத்துவிடு. உன்ரை தலையடி இருக்கட்டும். அதிலை நான் கை வைக்கமாட்டன், வெளிநாட்டுக்காரன் கேட்டாலும் சொல்லுறன்."

அவளுக்கு அது அரைவாசி உண்மை. பூசியதும் கைதட்டியதும் நடந்தவை. அவைதான் அவளை விழுத்தின. அவற்றை மறைத்துவிட்டு அடியை மட்டும் காட்டினால், அடித்தவன் மட்டும் குற்றவாளி. பூசி அனுப்பியவர் படத்திலேயே இல்லை. மருந்தென்று பொய் சொன்னால் பக்தியாம். மருந்தில்லை என்று மெய் சொன்னால் பழிப்பாம். ஆனால் பொய்யை அனுப்புவதைவிட அரைவாசி உண்மை மேல். அந்தக் கணக்கும் அவளுக்கு விளங்கியது. மடிக்கணினியைத் திறந்து எல்லோருக்கும் முன்னால் பூசும் காட்சியை நீக்கிவிட்டாள்.

வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. கமெராவுக்கு முன்னால் தோற்று எழும்புகிறவரல்லர் முருகேசர். மீண்டும் தொடங்கினார், மீண்டும் எட்டாம் இலக்கக்காரனால் முன்னுக்கு வந்தார். மீண்டும் அவன் தலையில் அடிபட்டது. எழும்பித் தலையாட்டினான். முருகேசரின் பெருவிரல் பழைய பட்டனைத் தேடியது. அங்கே ஒன்றுமில்லை.

"இப்ப என்ன செய்யிறது?" அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"வெளியிலை எடுங்கோ."

"எடுத்தாத் தோப்பம்."

"தோக்கலாம்."

திரையில் எட்டாம் இலக்கக்காரன் பிழையான பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். முருகேசர் அவனைப் பார்த்தார். பிறகு ஆள் மாற்றும் பட்டனை அமத்தி அவனை வெளியே எடுத்தார். ஒருவரும் கைதட்டவில்லை. றொகான் அவளைப் பார்த்துச் சிரித்தான், வென்றுவிட்டாய் என்பதுபோல.

பிரசாந்தி சிரிக்கவில்லை. கோகுலன் கீறிய ஒரு படத்துக்கு, உயிரோ தாயோ தகப்பனோ இல்லாத ஒரு படத்துக்கு, இந்த மனிதரால் இவ்வளவு சீக்கிரம் இரங்க முடிந்திருக்கிறது. அப்படியென்றால் அன்றைக்கும் முடிந்திருக்கும்.

அவள் மடிக்கணினியை மூடிக்கொண்டு வெளியே நடந்தாள்.