வெள்ளிக் குளவி

விலங்கியல் ஜாபஸ் சாரை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சிவகாசிப் பக்கத்துத் தனியார் கல்லூரியில் அவர் விலங்கியல், நான் தாவரவியல். இரண்டு துறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அவர் போடும் கும்பிடெல்லாம் அதைத் தாண்டி எனக்குக் கேட்கும். கும்பிடுக்குச் சத்தம் உண்டா என்று கேட்காதீர்கள். போனில் கல்லூரிச் செயலாளர் பேசினால் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுதான் பதில் சொல்வார். கிரீச்சென்ற அந்தச் சத்தத்தைச் சொல்கிறேன்.

சாத்தூரில் வாத்தியாருக்கும் நர்சுக்கும் பிறந்த பிள்ளை. மனைவி பெர்சிஸும் நர்ஸ். படிப்பில் அவரைக் குறை சொல்ல முடியாது, பூச்சிகளைப் பற்றி உண்மையாகவே நிறையத் தெரியும். ஆனால் தெரிந்ததையெல்லாம் துறைத்தலைவர் பதவிக்குத்தான் செலவழித்தார். அதைக் கொடுக்க வேண்டியவர் செயலாளர் சீனிவாசகம். தாயில்பட்டியில் பட்டாசு ஆலை, சிவகாசியில் காலண்டர் அச்சகம், போதாததற்கு எங்கள் கல்லூரியும் அவருடையது.

2004இல் ஒரு மதியம், செயலாளரைப் பார்க்க ஆலைக்குப் போன ஜாபஸ் சார் வெளியே காத்துக் கிடந்தார். அப்போது மருந்து கலக்கும் அறையின் சுவர் மூலையில் சிலந்தியின் முட்டைப்பைகளைப் பார்த்திருக்கிறார். பிய்த்து எடுத்து, புட்டியில் போட்டுத் துறைக்குக் கொண்டுவந்தார். சில நாள் கழித்துப் பைகளைத் துளைத்துக்கொண்டு வந்தவை சிலந்திக் குஞ்சுகள் அல்ல, ஒரு ரவை அளவுகூட இல்லாத குளவிகள். சிலந்தி முட்டைக்குள்ளேயே இருந்து அதைத் தின்று வளரும் ஒட்டுண்ணிச் சாதி. பெண்ணுக்குச் சிறகே கிடையாது. நுண்ணோக்கியில் பார்த்தால் முதுகெல்லாம் வெள்ளியாக மினுங்கியது.

"சார், இங்கன வாங்க! உலகத்துல எங்கனயும் இல்லாத பூச்சி சார்!" என்று தடுப்பே அதிரக் கத்தினார். போய்ப் பார்த்தேன். பூச்சி மினுங்கியது. அவர் புருவமும் மினுங்கியது. அன்றும் காலையில் ஆலைக்குப் போயிருந்தார். போய் வந்தால் அப்படித்தான் வருவார், சட்டையைத் துவைத்துத் துவைத்துப் பெர்சிஸ் ஏசுவதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

வெள்ளியாக இருந்ததையெல்லாம் அட்டையில் ஒட்டிக் காயவைத்தார். அதே புட்டியில் மினுக்கம் இல்லாத கறுப்புப் பெண்களும் இருந்தன, சிறகு முளைத்த ஆண்களும் இருந்தன. ஆணுக்குச் சிறகு இருக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் வெள்ளி இல்லாதது அவருக்கு எதற்கு? எல்லாவற்றையும் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டார்.

புது இனம் என்றால் ஆய்விதழில் விவரித்து எழுதினால்தான் பெயர் நிற்கும். அதற்கு முன்பே செயலாளர் பெயரை வைத்துக்கொண்டு அவரிடம் ஓடினார்.

"என் பேர்ல பூச்சியா? கடிக்குமா ஜாபஸ்?"

"கடிக்காது சார். சிலந்தி முட்டையத்தான் திங்கும்."

"பாக்க எப்பிடி இருக்கும்?"

"வெள்ளி மாதிரி மினுங்கும் சார்."

அது போதுமே. அடுத்த வருடக் காலண்டரில், பருந்து அளவில், வெள்ளி மையில் குளவி அச்சாகிவிட்டது. துறைத்தலைவர் உத்தரவைக் கல்லூரி நாள் மேடையில் கொடுப்பதாகவும் பேச்சாகிவிட்டது.

அதற்குள் செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராகப் பாளையங்கோட்டையிலிருந்து தேவமணி மேடம் வந்தார். இந்தச் சாதிக் குளவிகளில் சிலவற்றுக்குப் பெயர் வைத்தவர். பெருமைக்காக என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, ஜாபஸ் சார் தன் குளவியைக் காட்டினார். மேடம் ஒன்றை எடுத்து ஸ்பிரிட்டில் போட்டுத் தூரிகையால் லேசாக வருடினார். வெள்ளி முழுவதும் கழன்று கிண்ணத்தின் அடியில் படிந்தது. கறுப்புக் குளவி ஒன்று மிச்சம்.

"இது பூச்சியோட நெறம் இல்ல சார். அலுமினியப் பவுடர். பை மேல படிஞ்சிருக்கு, தொளச்சு வரும்போது ஒட்டிக்கிட்டிருக்கு."

கம்பி மத்தாப்பிலிருந்து புஸ்வாணம் வரை எங்கள் ஊர் பிழைப்பதே அந்தப் பவுடரில்தான். பஸ் சீட்டிலும் சோற்று வாளியிலும் பெண்களின் காதோரத்திலும் அது இருக்கும். எந்நேரமும் கண்ணில் கிடப்பதால் யாருக்கும் உறுத்தாது. வேறு ஊர்க்காரன் எவனும் இதில் ஏமாந்திருக்க மாட்டான்.

மேடம் மறுபடி குனிந்து பார்த்தார். குரல் மாறியது. "சார், உணர்கொம்பப் பாத்தீகளா? நுனிக் குண்டு இப்படி இருந்து நான் பாத்ததே இல்ல. புதுசுன்னுதான் தோணுது. இன்னும் கொஞ்சம் பொண்ணும் ஆணும் புடிச்சுக் குடுங்க. நீங்களே எழுதுங்க, நான் கூட நிக்கேன்."

சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டிய மனுஷன், "காலண்டர் லோடு போயிருச்சே மேடம்," என்றார்.

"யார் பேர வேணும்னாலும் வைங்க சார். வெள்ளின்னு மட்டும் எழுதாதீக."

செயலாளர் பெயரும் தங்கும், பதவியும் வரும், பூச்சியும் உண்மையாகிவிடும். விட வேண்டியது அந்த மினுக்கம் ஒன்றுதான். இதைவிடச் சுலபமாக ஒருவருக்கு வழி காட்ட முடியாது.

மேடம் போனபின் அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தேன். கழுவின குளவியை அட்டையில் ஒட்டியிருந்தார். காகிதப் பொட்டலத்திலிருந்து அலுமினியப் பவுடரைத் தூரிகையில் தொட்டுத் தொட்டு அதன்மேல் அப்பிக்கொண்டிருந்தார், பிள்ளைக்குப் பவுடர் போடுவதுபோல.

"என்ன சார் செய்றீக?"

"மேடையில வைக்கணும்லா சார். கறுப்பா இருந்தா செகரட்டரி என்ன நெனப்பாக?"

த்தூ என்று வாய்வரை வந்தது. படித்தவன் இவ்வளவு கேவலமாகவும் இருக்க முடியுமா என்று நான் திகைத்தது அன்றைக்குத்தான்.

கல்லூரி நாளன்று கண்ணாடிப் பெட்டிக்குள் குளவி, அதன்மேல் ஒரு லென்ஸ். செயலாளர் குனிந்து பார்த்து, "நல்லா மினுங்குதே!" என்றார். கைதட்டல், மாலை, உத்தரவு. விருந்தினர்களுக்கு ஆலையைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று முன்வாரமே சுவர்களை ஒட்டடை அடித்துச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். முட்டைப்பைகளும் அதோடு போயின.

கேட்ட பூச்சிகள் என்னவாயிற்று என்று தேவமணி மேடம் போன் செய்தார். தடுப்புக்கு இந்தப்பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த முறை நாற்காலிச் சத்தமே இல்லை.

"அங்கன வெள்ளையடிச்சுட்டாக மேடம்… அச்சங்குளம் பக்கத்து ஆலைகள்லயா? பாக்கேன், பாக்கேன்."

அவர் பார்க்கவில்லை. மேடமும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். குளவியை விவரித்து ஒரு வரிகூட எங்கும் வரவில்லை.

இப்போது ஜாபஸ் சார் துறைத்தலைவர். கண்ணாடிப் பெட்டி செயலாளர் அறையில் இருக்கிறது. போன மாதம் கையெழுத்து வாங்கப் போனபோது, ஆள் இல்லாத நேரம் பார்த்து லென்ஸில் கண் வைத்தேன். வெள்ளியாக ஒரு கட்டி தெரிந்தது. கொம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.