வாங்க வேண்டாம் என்று சொன்ன சனிக்கிழமைகள்

கம்பியூட்டர் சாமான் விற்கிறவனுக்குச் சாமானைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது கால்வாசிதான். மீதி முக்கால்வாசி வேலை, ஆட்களின் கைக்காசுக்கும் ஆசைக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்தாலும் ஏச்சு வாங்குவது. கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளுகிற என் இனத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீங்கள் துணி விற்றாலும் சரி, மருந்து விற்றாலும் சரி, பகல் முழுக்க ஊரே உங்களோடு பேசும். கடை பூட்டிய பிறகு பேச ஒரு நாய் கிடையாது.

நான் பதினெட்டு வருடமாகக் கண்டியில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு மாடிக்கடையில் நிற்கிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணப் பக்கம், வடமராட்சி. கலியாணம் கட்டவில்லை, ஏன் என்று கேட்டால் மூன்று காரணம் சொல்வேன், மூன்றும் பொய். கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறையில் இருக்கிறேன். கடையில் முதலாளி, சாமான் பொருத்துகிற ரிஸ்வான், நான் என்று மூன்று பேர். முதன்முதலாக வீட்டுக்குக் கம்பியூட்டர் செய்யப் போகிறவர்களுக்கு, இருக்கிற காசுக்குள் எதை எதை வாங்கலாம் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பது என் வேலை.

சென்னை விலை

தமிழ்நாட்டு யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவர்களை வாசலிலேயே எனக்குத் தெரியும். முகத்தில் அப்படி ஒரு தெளிவு இருக்கும். மரியதாஸும் அப்படித்தான் வந்தார். பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர், வீடு கடுகண்ணாவைப் பக்கம், வயது நாற்பத்திரண்டு. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, பஸ் மாறுகிற இடைவெளியில் படியேறி வந்திருந்தார். கொப்பியில் கிழித்த ஒற்றையில் ஏழு சாமான் எழுதி, அடியில் ‘மொத்தம் ஐம்பதாயிரம்’ என்று போட்டு இரண்டு கோடு இழுத்திருந்தார். காசும் சட்டைப் பையிலேயே இருந்தது.

வீடியோக்காரர் சொன்னது இந்திய ரூபாய், நம்முடைய இலங்கை ரூபாய்க்கு அதில் பாதிகூட வராது என்று நான் எத்தனையோ பேருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன். சிலர் என்னைக் கள்ளன் என்பார்கள். மரியதாஸ் ஒற்றையை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பாவமாக இருந்தது. எதற்குக் கம்பியூட்டர் என்று கேட்டேன். விமானம் ஓட்டுகிற கேம் விளையாட, என்றார் வெட்கத்தோடு. மூன்று தம்பிமாரையும் ஓர் அக்காவையும் வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்பியவராம். “கட்டுநாயக்கா ஏர்போட்டுக்கு எத்தன தடவ போயிருக்கேன் தெரியுமா அண்ணே, ஒரு தடவகூட கதவுக்கு அந்தப் பக்கம் போனதில்ல.”

மாதம் ஒரு சாமான்

மாதம் ஒரு சாமானாக வாங்கலாம் என்று நான்தான் வழி சொன்னேன். முதலில் மதர்போர்டை வாங்கச் சொன்னேன். மற்றதெல்லாம் அதில்தான் பொருத்த வேண்டும், அதுதான் அத்திவாரம் என்று பெரிய எஞ்சினியர் மாதிரிப் பேசினேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. துண்டு துண்டாக வாங்குகிறவன் போர்டைக் கடைசியில் வாங்குவதுதான் புத்தி. மற்றச் சாமான்கள் இல்லாமல் அதை ஓட்டிப் பார்க்க முடியாது. வாரண்டி மட்டும் பில் போட்ட நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் போர்டுக்கு வாரண்டி ஒரே வருடம். ஆனால் முதல் நாளே ஒரு மனுசனை வெறும் வயரோடு அனுப்பினால் அவர் திரும்பி வருவாரா? பெரிய பெட்டியாகத் தூக்கிப் போனால் வருவார். அது தை மாதத் தொடக்கம்.

வந்தார். சம்பளம் கிடைக்காத சனிக்கிழமைகளிலும் வந்தார். கவுண்டருக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கதிரை போட்டேன். கீழே இருந்து இரண்டு பிளேன்டீ வரும். ராம் எட்டு ஜிபி போதுமா, பதினாறு வேண்டுமா என்று ஒரு மாதம் முழுக்கத் தர்க்கம் பண்ணினோம். அதற்குள் அவருடைய மேனேஜரின் குணம், என்னுடைய முழங்கால் வலி, மலையில் மழை பெய்தால் அவர் வீட்டுக்குள் எந்த மூலையில் ஒழுகும் என்பதெல்லாம் வந்துபோகும். திங்கட்கிழமையே நான் சனிக்கிழமையை எண்ணத் தொடங்கினேன். ஒருநாள் அவர் மனைவியின் கேள்வியை அப்படியே கொண்டுவந்து ஒப்புவித்தார்: “றீட்டா கேக்குறா அண்ணே, அலுமாரி மேல அடுக்கி வச்சிருக்கிற பொட்டியெல்லாம் என்னைக்குப் பறக்கும்னு.”

வெள்ளைப் பெட்டி

நடுவில் மற்ற வியாபாரமும் நடக்கத்தானே வேண்டும். புதிதாகக் கலியாணம் முடித்த ஒரு சோடி வந்தது. அவருக்கு நல்ல ப்ராசசர் வேண்டும். மனைவிக்கு வெள்ளை நிறத்தில் கேசிங் வேண்டும், ஹோலில் இருக்கிற சோபா செட்டிக்குப் பொருந்த வேண்டும். வெள்ளை விலை கூட. ஒரு மணித்தியாலம் என் முன்னால் சண்டை பிடித்தார்கள். கணவர் ப்ராசசரில் ஒரு படி இறங்கினார், பிறகு இன்னொரு படி இறங்கினார். கடைசியில் பெட்டி பளபளவென்று இருந்தது, உள்ளே போனது சாதாரணச் சரக்கு. வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்கள். ஒரு பெட்டியின் நிறத்துக்காக என்னோடு சண்டை பிடிக்க ஒருத்தரும் இல்லையே என்று அன்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அந்தப் பெண் பில்லை மடித்துக்கொண்டு சொன்னார்: “உள்ளுக்கு இருக்கிறத இவர் பாத்துக்கட்டும், வெளியில இருக்கிறத நான்தானே நாளெல்லாம் பாக்கணும்.”

பேச்சு நீண்ட கதை

கட்டுகஸ்தோட்டையில் புடவைக்கடை வைத்திருக்கிற ஒரு பெரியவர், படம் வரையப் படிக்கிற மகளைக் கூட்டிவந்தார். பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று அதற்கே நன்றாகத் தெரிந்திருந்தது. பத்து நிமிட வேலை. நான் விடவில்லை. பவர் சப்ளையில் காசை மிச்சம் பிடித்தால் என்ன நடக்கும் என்று தொடங்கி, மகியாவையில் ஒருவருக்கு வெடித்தது, பேராதனையில் ஒருவருக்குப் புகைந்தது என்று ஊர் ஊராகப் போனேன். பெரியவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார், திரும்பப் போட்டார். பிறகு எனக்குக் கேட்காது என்று நினைத்து மகளின் காதில் சொன்னார்: “மகள், இவருக்கு ஊட்ல ஒருத்தரும் இல்ல போல, கதை முடியுதில்ல.”

விலை இறங்கும்

இனிச் சொல்லப் போவதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆவணி மாதம் ஆகும்போது மரியதாஸிடம் எல்லாம் சேர்ந்துவிட்டது. பாக்கி இருந்தது கிராபிக்ஸ் கார்ட் மட்டும். அது இல்லாமல் திரையில் படமே வராது என்பதால் ஒன்றையும் இன்னும் பொருத்திப் பார்க்கவில்லை. புரட்டாசியில் அவருடைய காசுக்குச் சரியாக ஒரு கார்ட் கடைக்கு வந்தது. அவரும் காசோடு வந்தார். கார்ட் வந்திருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன், வேறு வார்த்தை வந்தது: “இப்ப வாங்காதேங்கோ, நத்தாருக்கு விலை இறங்கும்.”

விலை இறங்காது என்று எனக்குத் தெரியும். கார்ட் கிடைத்துவிட்டால் கம்பியூட்டர் முடிந்துவிடும், முடிந்துவிட்டால் அவர் ஏன் படியேற வேண்டும்? என் மனதில் ஓடியது அதுதான். கிறிஸ்மஸும் வந்துபோனது, விலை இறங்கவில்லை. புது வருடத்தில் புதுச் சரக்கு வரும், பொறுங்கோ என்றேன். அவர் நம்பினார். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று றீட்டாவிடமும் சொல்லியிருக்கிறார். அவர் படியிறங்கிப் போன பிறகு, பின்னால் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ரிஸ்வான் வந்து நின்றான். “கடையில கார்டும் ஈக்கி, அவர்ட்ட காசு சல்லியும் ஈக்கி, என்னத்துக்கு அண்ணன் அந்த மனிசன சும்மா சும்மா திருப்பி அனுப்புறீங்க?”

பத்தொன்பது நாள்

அடுத்த தை மாதக் கடைசியில் மரியதாஸ் என்னைக் கேட்காமலே எல்லாப் பெட்டிகளையும் இரண்டு பயணப் பைகளில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். விலை இறங்கினாலும் சரி, ஏறினாலும் சரி, இன்றைக்குக் கார்டை வாங்குவது என்று முடிவு. ரிஸ்வான் பொருத்தத் தொடங்கினான். மரியதாஸ் கதிரையின் நுனியில் இருந்து ஒவ்வொரு திருகாணியையும் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டனை அமத்தியதும் விசிறி சுற்றியது, நின்றது. திரும்ப அமத்தினான். கார்டை மாற்றிப் பார்த்தான், ராமை மாற்றிப் பார்த்தான், கடைசியில் போர்டையே வெளியே எடுத்துவிட்டான்.

பில்லை நான் எடுத்துப் பார்த்தேன். ஒரு வருடம் முடிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. போர்ட் பெட்டிக்குள்ளேயே பழுதாக வந்திருக்கிறது. புரட்டாசியில் நான் கார்டைக் கொடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், கொழும்பு ஏஜன்ட் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்திருப்பார். இப்போது கொழும்பில் திகதியைப் பார்ப்பார்களே தவிர ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். ரிஸ்வான் செத்துப்போன போர்டை என் பக்கமாகத் தள்ளினான். “மௌத்தாகிட்டு அண்ணன்.”

ஓடிய பிறகு

கடையில் அதே சாதிப் போர்ட் ஒன்று இருந்தது. என் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும்படி முதலாளியிடம் உள்ளே போய்ச் சொன்னேன். வெளியே வந்து மரியதாஸிடம், “பயப்பிடாதேங்கோ, கடை மாத்தித் தரும்” என்றேன். புதியதைப் பொருத்தியதும் கம்பியூட்டர் ஓடியது. ரிஸ்வான் கேமையும் ஏற்றிக் கொடுத்தான். திரையில் ஓடுபாதை வந்தது. மரியதாஸ் இரண்டு தடவை விமானத்தைப் புல்லுக்குள் விட்டார். மூன்றாம் தடவை அது மேலே எழும்பியது. அவர் திறந்த வாயை மூடவில்லை.

பிறகு பில்லைக் கையில் எடுத்தார். பதினைந்து வருட ஸ்டோர் கீப்பரிடம் திகதியில் பொய் சொல்ல முடியாது. வாரண்டி முடிந்ததைக் கடை எப்படி மாற்றும் என்று கேட்டார். நான் சொன்னேன். போர்ட் என் செலவு என்பதைச் சொன்னேன். கார்ட் புரட்டாசியிலிருந்தே கடைக்குள் இருந்ததைச் சொன்னேன். ஏன் மறைத்தேன் என்பதையும், வார்த்தை தடக்கித் தடக்கி, சொல்லி முடித்தேன். அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். வயர்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பையில் வைத்தார். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியடியில் நின்று திரும்பினார். “தனியா இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஞாயித்துக்கெழம சோத்துக்கு வீட்டுக்கே கூப்பிட்டிருப்பேனே அண்ணே, அதுக்கு எதுக்கு என் சாமான வச்சு வெளாண்டீங்க?”

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இப்போதெல்லாம் பட்டியலோடு யார் வந்தாலும் இருப்பதைக் கேட்டவுடனே எடுத்துக் கொடுத்துப் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறேன் என்பதால், பதினெட்டு வருடம் கழித்தாவது நான் வியாபாரம் பழகிவிட்டேன் என்று முதலாளி சந்தோஷமாக இருக்கிறார்.